ஒரே மேசையில் சாப்பிட்ட பிறகும் ஏன் கதைக்க முடியவில்லை?

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: பீடத்தில் ‘பன்மைத்துவ நாள்’ நடத்தினோம். பாற்சோறு, பொங்கல், வட்டிலப்பம் எல்லாம் ஒரே மேசையில் இருந்தன. சேர்ந்து சாப்பிட்டோம், படம் எடுத்தோம். அடுத்த நாள் கன்ரீனில் சிங்களப் பிள்ளைகள் ஒரு மேசை, முஸ்லிம் பிள்ளைகள் ஒரு மேசை, மலையகப் பிள்ளைகள் ஒரு மூலை, மற்றவர்கள் பள்ளிக்கூடவாரியாக. வேறுபாடுகளைப் பற்றி வெளிப்படையாகக் கதைக்க வைக்க என்ன செய்யலாம்? கேள்வி நிகழ்ச்சியைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், இங்கே வாய் திறப்பவர் என்ன விலை கொடுக்கவேண்டி வருகிறது, அந்த விலையை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குழு உரையாடல்களை வழிநடத்துவதும் அதற்கு ஆட்களைப் பழக்குவதும் என் தொழில். என் பதில் முழுவதும் ஒரு விதியின் மேல் நிற்கிறது: இழப்பதற்கு அதிகம் உள்ளவர் முதலில் பேசவேண்டிய நிலை வராத ஏற்பாட்டைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அந்த ஏற்பாட்டின் விவரங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு கூட்டத்தார் பழகினால் தப்பெண்ணம் குறையும், ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் எழுதினார். பழகும் இடத்தில் இரு பகுதிக்கும் சமமான நிலை இருக்கவேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், அதை ஒத்துழைத்தே அடையவேண்டும், மேலிடத்தின் ஆதரவு வெளிப்படையாகத் தெரியவேண்டும். 2006இல் பெட்டிக்ரூ, ட்ரொப் என்ற இரு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாகவே தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். உங்கள் பன்மைத்துவ நாளை இந்த நாலோடும் வைத்துப் பாருங்கள். பீடத்தின் ஆதரவு இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கூட்டமும் தன் பண்டத்தைத் தனியாகச் சமைத்துத் தனியாகக் கொண்டுவந்தது. சேர்ந்து செய்து முடிக்க எதுவும் இருக்கவில்லை. ஒருவருக்கு மற்றவர் தேவைப்படவில்லை.

சந்தேகமானதும் இருக்கிறது. ஓல்போர்ட்டின் எண்ணம் வளர்ந்த இடங்கள் போர் முடிந்த நாடுகளல்ல. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளின் வகுப்பறைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று 2009இல் வெளியான ஓர் ஆய்வில் வந்தது. இரு குழுக்களைத் தங்களுக்குள் பொதுவானவற்றை மட்டுமே கதைக்க வைத்தபோது, பலம் குறைந்த குழு “இவர்கள் நம்மை நியாயமாக நடத்துவார்கள்” என்று நம்பத் தொடங்கியது. பங்கிடும் நேரம் வந்தபோது பலமுள்ள குழு அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நடக்கவில்லை. இனிமையான பழக்கம் அநியாயத்தை மறைக்கும் போர்வையாகிவிடலாம். ஆகவே “எல்லாரும் மனிதர்தானே” என்று தொடங்கி அதிலேயே முடிகிற கூட்டங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இனி ஏற்பாடு. மேடை வேண்டாம், ஒலிவாங்கி வேண்டாம். 10 முதல் 12 பேர் கொண்ட ஒரு வட்டம், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணித்தியாலம், மொத்தம் 6 அமர்வு. முதல் அமர்வுக்கு வந்தவர்களே கடைசி வரைக்கும். இடையில் புதியவர் சேர்ந்தால் நம்பிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். எந்தக் கூட்டத்திலிருந்தும் ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது, குறைந்தது 3 பேர். ஒற்றை முஸ்லிம் மாணவி உட்கார்ந்திருக்கிற வட்டத்தில் எல்லாரும் அவரிடம்தான் “உங்கட ஆக்கள் ஏன் இப்படி?” என்று கேட்பார்கள். பாவம், அந்தப் பிள்ளை ஒரு சமூகத்துக்கே பேச்சாளராகிவிடும். மூன்று பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவதை மற்றவர்கள் காண்பார்கள். அந்தக் காட்சியே பாதி வேலையைச் செய்துவிடும். வழிநடத்த இருவர் வேண்டும், இருவரும் வெவ்வேறு சமூகத்தவராக, ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஒரே பட்ச் ஆக்களாகச் சேருங்கள். அண்ணாமாரையும் முதலாம் வருடப் பிள்ளைகளையும் ஒரு வட்டத்தில் இருத்தினால் பிள்ளைகள் அண்ணாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பகிடிவதையைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருந்தும், முதல் சில மாதங்களில் அந்தப் பயம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். முதலாம் வருடத்தவரை இரண்டாம் அரையாண்டுக்குப் பிறகு வட்டத்துக்கு அழையுங்கள்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளி மதியம் ஜும்ஆ. வெள்ளி பின்னேரம் தெற்குப் பிள்ளைகள் ரயிலுக்கோ இரவு பஸ்ஸுக்கோ வெளிக்கிட்டுவிடுவார்கள், திங்கள் காலையில் அரைவாசிப் பேர்தான் திரும்பியிருப்பார்கள். நோன்பு காலத்துப் பின்னேரங்கள் சரிவராது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெசாக் வாரமும் தவிர்க்கவேண்டியவை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐயும் நவம்பர் 27ஐயும் ஒட்டிய நாட்களில் வட்டத்தைத் தொடங்கவே கூடாது. அப்போது ஒவ்வொருவரும் தன் வீட்டுத் துக்கத்தோடு வருவார், அதைத் தாங்கும் பலம் புது வட்டத்துக்கு இராது. செவ்வாய் அல்லது புதன், மூன்றரையிலிருந்து ஐந்து. ஐந்துக்கு முடித்தால்தான் தூர இடத்துப் பெண்பிள்ளைகளுக்கு பஸ் இருக்கும். நேரம் இழுபட்டால் அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள், அதை ஆர்வமின்மை என்று நீங்கள் தவறாக எண்ணிக்கொள்வீர்கள்.

கதிரைகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே வகை, நடுவில் மேசை இல்லை. சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் கதிரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் காலத்தில் பள்ளிக்கூடங்களில் சமாசனம், சமபோசனம், அதாவது எல்லாரும் சமமாக இருந்து படிப்பதும் சமமாக இருந்து சாப்பிடுவதும், என்ற கோரிக்கை எழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ வெளியிலோ இருந்து படித்த நாட்கள் அவை. சமாசனத்தை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களை எரித்தவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். இந்த வட்டக் கதைப்பு வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த சங்கதி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சாப்பாட்டிலும் அப்படியே. கறி ரோல்ஸ், மரக்கறி ரோல்ஸ் என்று இரண்டு தட்டு வைத்தால் தட்டைச் சுற்றிக் கூட்டம் பிரியும். எல்லாருக்கும் உழுந்து வடை, பிளேன்ரீ. பிரச்சினை முடிந்தது.

வரவுப் பதிவுத்தாள் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பல வட்டங்கள் இதில்தான் செத்துப்போகின்றன. பணம் தரும் நிறுவனம் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், படம் என்று கேட்கும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் பிள்ளை வளர்த்த வீடுகள் இங்கே நிறைய. அந்தத் தாளில் கையொப்பம் வைத்த பிறகு ஒரு பிள்ளை மனதிலுள்ளதைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பணமே வாங்காதீர்கள், வடைக்கும் தேநீருக்கும் பெரிய செலவில்லை. வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் தலைக்கணக்கை மட்டும் கொடுக்க முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள். படம் கேட்டால் வெறும் கதிரை வட்டத்தின் படத்தைக் கொடுங்கள். தொலைபேசிகள் எல்லாம் வாசலில் ஒரு பைக்குள், வழிநடத்துபவர்களின் தொலைபேசியும் சேர்த்து. எழுதி வாங்குகிற ‘பெயரில்லாச் சீட்டு’ முறையையும் நம்பவேண்டாம். 12 பேரில் 3 பேர்தான் சிங்களத்தில் எழுதினால் அதில் என்ன இரகசியம்? முழு இரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. “இங்கே கேட்டதை வெளியில் பெயரோடு சொல்லமாட்டோம். ஆனால் யாராவது பாலியல் துன்புறுத்தலையோ அடிதடியையோ சொன்னால், அவரோடு கதைத்துவிட்டு, உரிய இடத்துக்குக் கொண்டுபோகவேண்டி வரலாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மொழிதான் பெரிய செலவு. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் ஆங்கிலத்தில் படிப்பிக்கப்படுவதால் ஆங்கிலத்திலேயே நடத்திவிடலாம் என்று தோன்றும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் அது சமம்தான். ஆனால் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவரை உயர்த்தி, முல்லைத்தீவிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வந்தவரை வாயடைக்க வைத்துவிடும். ஒவ்வொருவரும் தன் மொழியில் பேசட்டும், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கட்டும், அவர் வட்டத்தின் உறுப்பினராக இருக்கக்கூடாது. பேசுபவர் இரண்டு வசனம் பேசி நிறுத்தவேண்டும். இதனால் தொண்ணூறு நிமிடம் நாற்பத்தைந்தாகச் சுருங்கும், ஆகவே ஓர் அமர்வுக்கு ஒரு கேள்விக்கு மேல் வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் எதையும் மென்மையாக்கவோ கூர்மையாக்கவோ கூடாது. ஒருவர் ‘மாவீரர்’ என்று சொல்ல, அதைச் சிங்களத்தில் ‘த்ரஸ்தவாதி’ (பயங்கரவாதி) என்று மாற்றினாலோ, மற்றவர் ‘ரணவிரு’ (போர்வீரர்) என்று சொல்ல, அதை வெறுமனே ‘ஆமிக்காரர்’ ஆக்கினாலோ அன்றைய நாள் முடிந்தது. இப்படிப்பட்ட சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பேசியவரையே சொல்லச் சொல்லுங்கள். ‘சகோதர இன மாணவர்’ என்ற மரியாதைச் சொல்லையும் கதவுக்கு வெளியே விட்டுவிடுங்கள். சிங்களவரைச் சிங்களவர் என்றும் முஸ்லிமை முஸ்லிம் என்றும் சொல்லக் கூசுகிற இடத்தில் வேறெதைக் கதைப்பது?

முதல் அமர்வில் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் இரண்டு நிமிடம் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சி போதும். கேள்வி இலேசானது: “இந்த வளாகத்துக்கு வந்த முதல் நாள் எதைக் கண்டு பயந்தீர்கள்?” இரண்டாம் அமர்வுக்கு என்ன தலைப்பு என்பதில்தான் பலர் தவறுவது. நேரே போரைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ தொடங்குவார்கள். அங்கே கோடுகள் எல்லாம் இனவாரியாகவே விழும், பத்து நிமிடத்தில் வட்டம் இரண்டு அணியாகும். பிரிவுக்கோடு இனத்தைக் குறுக்கே வெட்டுகிற தலைப்பு ஒன்றை எடுங்கள். என் தெரிவு, பல்கலைக்கழக அனுமதி. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாண வீடுகளில் எழுபதுகளின் தரப்படுத்தல் (தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட அனுமதி முறை) கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடு ஒரு காயம். நுவரெலியாவிலிருந்து வந்த மலையகப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் மொனராகலைச் சிங்களப் பிள்ளைக்கும் அதுதான் உள்ளே வந்த வாசல். தமிழர் தமிழரோடு முரண்படுவார், யாழ்ப்பாணத்தவரும் கொழும்புக்காரரும் ஒரே பக்கம் நிற்பார்கள். மனிதர்கள் தங்கள் இனத்தைவிடப் பெரியவர்கள் என்பதை யாரும் பிரசங்கிக்காமலே வட்டம் கண்டுகொள்ளும்.

மூன்றாம் அமர்வுக்குச் சாதி. இன வேறுபாட்டைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கும் நம் ஆக்கள் இதில் மட்டும் “இப்ப அதெல்லாம் இல்லை” என்று முடித்துவிடுவார்கள். இங்கே ஒரு தடை மிக முக்கியம்: யாரிடமும் சாதியைக் கேட்கக்கூடாது, யாரும் சொல்லத் தேவையில்லை. வழக்கத்தைக் கேளுங்கள், ஆளைக் கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ அறை தேடிப் போகும் பிள்ளையிடம் வீட்டுக்கார அம்மா முதலில் “எந்த ஊர் பிள்ளை?” என்பார். சொன்னதும் “ஊரில எவடம்?” பிறகு “எந்தக் கோயிலடி? அங்க இன்னாரைத் தெரியுமோ?” மூன்றாம் கேள்வியோடு சாதி எது என்ற கணக்கு முடிந்துவிடும், அறை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் தீர்மானமாகும். ஆகவே வட்டத்தில் வைக்கவேண்டிய கேள்வி, “அறை தேடிப் போனபோது உங்களிடம் என்னென்ன கேட்டார்கள்?” இதற்கு எல்லாரிடமும் பதில் உண்டு. முஸ்லிம் பிள்ளையிடம் சமையலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், சிங்களப் பிள்ளையிடம் தகப்பனின் தொழிலை, மலையகப் பிள்ளையிடம் “யாழ்ப்பாணத்தில ஆக்கள் இருக்கினமோ?” என்று. எதுவுமே கேட்கப்படாமல் திறப்பு கிடைத்த பிள்ளையும் ஒருவர் இருப்பார். அவர் அன்றைக்குப் படிப்பது அதிகம். சாதியின் பேரால் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தடுக்கிறது, 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புக்கென்று ஒரு சட்டமும் வந்தது. வாசலில் கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்கு அந்தச் சட்டங்கள் எட்டவில்லை.

நினைவுகளை நாலாம் அமர்வுக்கு முன் தொடவேண்டாம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பில் இருக்கலாம். இதைக் கேள்விப்படாமலே வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதுபோல 2009இல் வன்னியில் என்ன நடந்தது என்பதை ஒரு வரி அறியாத சிங்களப் பிள்ளைகளும். எது பெரிய துன்பம் என்ற போட்டி தொடங்கினால் வட்டம் உடையும். அதற்காக ஒரு விதி: மற்றவர் சொன்ன சம்பவத்துக்குப் பதிலாக உடனே தன் சம்பவத்தை வைக்கக்கூடாது, முதலில் கேட்டவற்றைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லவேண்டும். இந்த அமர்வில் ‘எங்கட ஆக்கள்’ என்ற சொல் அடிக்கடி வரும். ‘நாங்கள்’ என்பது தமிழில் பணிவுச் சொல்லும்கூட, ஆகவே கண்டிக்கவேண்டாம். “இதை உங்கள் வீட்டில் யார் சொன்னார், எப்போது சொன்னார்?” என்று கேட்டால் போதும். பேச்சு தானாக ‘நான்’ என்பதற்கு இறங்கிவரும்.

ஏதோ ஒரு நாள் யாராவது குத்தும்படி ஒன்றைச் சொல்வார். மலையகத் தமிழரை இழிவாகக் குறிக்கும் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் விளையாட்டாக விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே நிறுத்துங்கள், அடுத்தவர் பேசப் போகக்கூடாது. சொன்னவரிடம் என்ன கருதிச் சொன்னார் என்று கேளுங்கள். பிறகு வட்டத்தில் எல்லாரிடமும், புண்பட்டவரிடம் மட்டுமல்ல, அந்தச் சொல் எப்படிக் கேட்டது என்று கேளுங்கள். ஒரு நிமிடம் மௌனம். மன்னிப்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கட்டாயத்தில் வரும் மன்னிப்பு அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவில் கேலியாகத் திரும்பி வரும். புண்பட்டவர் எழுந்து போக விரும்பினால் இரண்டாவது வழிநடத்துபவர் கூடப் போகட்டும், அடுத்த நாள் தொலைபேசியில் ஒருமுறை விசாரிக்கட்டும். அவர் திரும்பி வராவிட்டால் அது அவருடைய உரிமை.

விரிவுரையாளர் ஒருவரின் ஆதரவு கிடைத்தால் வட்டத்துக்கு வெளியே இன்னொரு வேலை செய்யலாம். செய்முறைக் குழுக்களைப் பிள்ளைகளே தெரிவு செய்ய விட்டால் நாலு கன்ரீன் மேசையும் அப்படியே ஆய்வுகூடத்துக்கு இடம்மாறும். சுட்டிலக்கப்படி பிரித்துவிட்டு, 1971இல் எலியட் அரன்சன் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகர வகுப்பறைகளில் செய்த முறையைக் கையாளலாம்: பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று, மற்றவரின் துண்டைக் கேட்காமல் யாருக்கும் முழுப்பாடம் விளங்காது. இதற்குப் புதிய நிதியோ அனுமதியோ தேவையில்லை.

இந்த முறையால் ஆகாததையும் சொல்லவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதிலும் பிடிக்கப்பட்ட காணிக்கு உறுதியும் வட்டத்திலிருந்து வராது. கும்பலாகத் திரண்ட பிறகு சண்டையை நிறுத்தவும் இது உதவாது. 2016 ஜூலை 16 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்களவரின் கண்டிய நடனத்தையும் சேர்ப்பதா என்ற சர்ச்சை கைகலப்பில் போய் நின்றது. யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. மேளமா கண்டிய நடனமா என்ற கேள்வி ஊர்வலத்தன்று வாசலில் நின்று தீர்க்கக்கூடியதல்ல, அதைக் கதைக்கப் பழகியிருந்த 12 பேர் முந்தின மாதமே இருக்கவேண்டும். அதனால்தான் ஐந்தாம் அமர்வை எப்போதும் வளாகத்தில் அடுத்து வரப்போகும் ஒரு பொது நிகழ்ச்சிக்கு ஒதுக்கச் சொல்கிறேன்: யார் பாடுவது, எந்த மொழியில் அழைப்பிதழ், எது முதலில்.

ஆறாம் அமர்வில் கதைப்பு ஒரு கடிதமாகவேண்டும். ஒரே ஒரு கோரிக்கை, ஒரு வருடத்துக்குள் நடக்கக்கூடியது. அறிவித்தல் பலகையில் மூன்று மொழியும் இருக்கவேண்டும் என்பதோ, வெள்ளி 12 முதல் 1.30 வரை செய்முறை வகுப்பு வைக்கக்கூடாது என்பதோ, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு விரிவுரை மண்டபத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்பதோ. இயன்றவரை அந்தக் கோரிக்கை தனக்குத் தேவைப்படாத ஒருவரின் கையால் எழுதப்படட்டும்: வெள்ளிக்கிழமைக் கடிதத்தைச் சைவப் பிள்ளை எழுதட்டும், சிங்கள அறிவித்தலுக்கான கடிதத்தைத் தமிழ்ப் பிள்ளை. பீடாதிபதியிடம் நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் 12 பேரும் சேர்ந்து மறுபடி போங்கள். அடுத்த வட்டத்தை இவர்களில் நால்வர், இருவர் இருவராக, இரண்டு வட்டமாகத் தொடங்கலாம்.